பிஸ்கட் திருடி: பக்கம் 34, 61, 87

மேரன் டாலஃப்சன் ஆண்டு மலர்க் குழுவில் சேர்ந்தது ஒன்றும் ஆசைப்பட்டு அல்ல. ஓவிய வகுப்பு நிரம்பிவிட்டது. சமையல் வகுப்பில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். போன வருஷம் அடுப்புக் கையுறையைக் கொளுத்திவிட்டு, அது எப்படி எரிகிறது என்று நின்று வேடிக்கை பார்த்தவள். பத்தாம் வகுப்பு அட்டவணையில் மிச்சம் இருந்த ஒரே கட்டம் 114-ஆம் எண் அறை, மலர்க் குழுவின் அறை.

ஆனால் வேடிக்கை பார்க்கிற அந்தக் குணம் இருக்கிறதே, அதற்கு அந்த அறை தோதாக அமைந்துவிட்டது. அடுத்தவர் சங்கதியில் மூக்கை நுழைக்காவிட்டால் மேரனுக்குச் சாப்பாடு இறங்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் ஏன் இன்றைக்கு வேறு சட்டை போட்டிருக்கிறான், கணக்கு டீச்சர் ஏன் திங்கட்கிழமையானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்பேர்ப்பட்டவள் கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு, போய் யாரை வேண்டுமானாலும் பார், என்ன வேண்டுமானாலும் கேள் என்று அனுப்பினால் கேட்கவா வேண்டும்!

முதல் நாள் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தவள் க்ரெட்டா வாசிக். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மலரின் ஆசிரியர். கொண்டையில் இரண்டு பென்சில், வாயில் சூரியகாந்தி விதை, கையில் அதன் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை.

"எதுக்கு வந்தே?" என்றாள் க்ரெட்டா.

"படம் எடுக்கலாம்னு."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. படம் எடுக்கிறது பத்துல ஒரு பங்கு வேலைடி. மிச்சம் பூரா பேரு கேக்கிற வேலை. படத்துல மூஞ்சி தெரிஞ்சா பேரு வேணும். அதையும் அந்த ஆளு வாயாலதான் கேக்கணும். அவன் சொன்னான் இவ சொன்னான்னு வந்து நின்னே, கொன்னுடுவேன்."

"சரி."

"ரெண்டாவது, அதோ பாரு." சுவர் முழுக்க ஒட்டியிருந்த நீளத் தாள்களைப் பென்சிலால் காட்டினாள். பள்ளியின் முன்னூற்று எண்பது பேரின் பெயர்களும் அதில் இருந்தன. "ஒவ்வொருத்தரும் புக்குல மூணு இடத்துல வந்தாகணும். ஃபுட்பால் கேப்டன் முப்பது இடத்துல பல்லைக் காட்டுவான், அவனை விடு. பேசாத ஆளு, ஓரத்துல நிக்கிற ஆளு, அவங்களுக்கும் மூணு இடம். இந்த வருஷத்துலேருந்து இங்க அதான் சட்டம்."

"ஏன் மூணு?"

"ஏன்னா ஒண்ணு எல்லாருக்கும் கிடைக்கும், வகுப்புப் படம், ஆளுக்கு ஒரு தனி மூஞ்சிப் படம். ரெண்டு தற்செயல். மூணு இருந்தாத்தான் நீ இங்க இருந்தேன்னு அர்த்தம்." க்ரெட்டா தோலைத் துப்பினாள். "சரி, புக்கு கையில வந்ததும் ஜனங்க எந்தப் பக்கத்தை முதல்ல திறப்பாங்க சொல்லு."

"அட்டைக்கு அடுத்தது?"

"மண்ணாங்கட்டி. கடைசிப் பக்கம். பேரு லிஸ்ட்டு. தன் பேரைத் தேடி, பக்கத்துல எத்தனை நம்பர் இருக்குன்னு எண்ணுவாங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம். நீயும் அதைத்தானே செஞ்சே போன வருஷம்?"

மேரன் அதைத்தான் செய்திருந்தாள். அவளுக்கு இரண்டு எண்கள் இருந்தன. அன்றைக்கு முகம் தொங்கிப்போனது இப்போதும் ஞாபகம் இருந்தது.

வேலை என்றால் வேலை, சும்மா சொல்லக்கூடாது. கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் மண்டியிட்டு முழங்காலெல்லாம் சிராய்ப்பு. மல்யுத்தக்காரர்களின் வியர்வை நாற்றம். நாடகக்காரர்கள் ஒத்திகை நடுவில் விரட்டியடித்தார்கள். பக்கங்களை அனுப்பவேண்டிய கெடு வரும்போதெல்லாம் 114-இல் ஒரு சண்டை, ஒரு அழுகை, அப்புறம் எல்லாருக்கும் பீட்சா. குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியை மிஸஸ் ஹாவ்லண்ட் சண்டைக்கு வரமாட்டார், பீட்சாவுக்கு மட்டும் வருவார்.

டிசம்பரில்தான் அந்தப் பெண் படங்களில் வர ஆரம்பித்தாள்.

முதல் படம் சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்தது. வியாழக்கிழமை, சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் போடுகிற நாள். முன்னால் யாரோ சிரித்துக்கொண்டிருக்க, பின்னால் ஓரத்தில் சாம்பல் நிறக் குல்லாச் சட்டைக்காரி ஒருத்தி. சூப்புக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் கூடையில் வைத்திருக்கும் உப்பு பிஸ்கட் பொட்டலங்களைக் கையளவு அள்ளி, மடியிலிருந்த பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது, கூடைப்பந்து ஆட்டம். ஊரே எழுந்து நின்று கத்துகிறது. அவள் மட்டும் பார்வையாளர் வரிசையின் மேல்படியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பைவாயில் அதே பொட்டலங்கள், மைதானத்துத் தின்பண்டக் கடையில் சில்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறவை. மூன்றாவது, சாயங்காலம் பஸ் வரிசை. பனி கொட்டுகிறது, அவள் முதுகு காட்டிக் குனிந்து எதையோ செய்கிறாள், முகம் பாதிதான் தெரிகிறது.

"யாருடி இவ?" என்று கேட்டால் அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கணினியில் பக்கம் போடும்போது ஒவ்வொரு முகத்தின் மேலும், அச்சில் வராத ஒரு பேர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். பேர் தெரியாவிட்டால் மூன்று பெருக்கல் குறி. அது விதி. ஆனால் பெருக்கல் குறி சலிப்பாக இருந்தது மேரனுக்கு. மூன்று படத்திலும், படத்துக்குக் கீழே உள்ள வரியிலும் முகத்தின் மேலுள்ள சீட்டிலும், "பிஸ்கட் திருடி" என்று தட்டினாள். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. க்ரெட்டாவே கோப்பையைக் கவிழ்த்துவிட்டாள்.

"கெடுவுக்குள்ள மாத்திடு, கழுதை," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சிரிப்பு அடங்கியதும் மேரனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. பிஸ்கட்டை எதற்கு எடுக்கிறாள்? உப்பும் மாவும் சேர்ந்த அந்த வறட்டுப் பண்டத்தை யாராவது ஆசைப்பட்டுத் தின்பார்களா? எலி வளர்க்கிறாளோ? பந்தயமோ? பஸ் வரிசைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். குல்லாச் சட்டையின் இரு பக்கமும் இரண்டு சின்னக் கையுறைகள் தெரிந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டிலும் பொட்டலங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார்கள்.

மேரன் நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிட ஆவல்தான் அதிகம்.

அடுத்த வியாழக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு நேரே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் ஆண்டு மலர். உன் பேரு வேணும்."

குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளை அளந்தன. "எதுக்கு?"

"மூணு படத்துல இருக்கே."

"நானா? அழிச்சிடு."

"அழிக்க முடியாது, முன்னாடி நிக்கிறவங்க அழகா வந்திருக்காங்க. உனக்காக அவங்களைத் தூக்கணுமா?"

அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டாள். முன்பல்லில் ஒன்று லேசாக உடைந்திருந்தது. "லாரல். லாரல் கீன். பதினொண்ணாவது."

"எங்கேயிருந்து வந்தே? எப்ப வந்தே? ஏன் உன்னை யாருக்கும் தெரியல?"

"அம்மாடி, நீ போலீஸா?" என்ற லாரல், ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்தாள். "டிசம்பர்ல வந்தோம். அப்பாவுக்கு எங்க வேலையோ அங்க போவோம். இது ஆறாவது ஸ்கூல். ஒரு ஸ்கூல்லயும் மே மாசம் வரைக்கும் இருந்ததில்ல. புக்கு வர்றதுக்குள்ள பெட்டியைக் கட்டிடுவோம்." பிறகு, அக்கறை இல்லாதவள் மாதிரி கேட்டாள்: "பின்னாடி லிஸ்ட்டு இருக்குமே, அதுல நானும் வருவேனா?"

"வரணும். சட்டம். மூணு இடம்."

"மூணா?"

"சத்தியமா மூணு. வகுப்புப் படத்தையும் சேத்தா நாலு. வா, அதையும் இப்பவே எடுத்துடலாம்."

நூலகச் சுவரில் நிற்கவைத்து எடுத்தாள். குல்லாவைக் கழற்று என்று சொல்லவேண்டியிருக்கவில்லை, லாரலே கழற்றிவிட்டு, கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் இருவரும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டைப் பற்றி மேரன் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றைக் கேட்காமல் விட்டாள். பிப்ரவரியில் லாரலே சொன்னாள்: தம்பிகள் இரண்டு பேர், அப்பா வர ஏழு மணி ஆகும், அதுவரை வயிற்றுக்கு ஏதாவது வேண்டும்.

"திருட்டுன்னு நினைச்சியா?"

"சேச்சே," என்றாள் மேரன், காது சிவக்க.

அன்றைக்கே ஓடிப்போய் மூன்று பக்கத்திலும் படத்துக்குக் கீழே உள்ள வரியில் "லாரல் கீன்" என்று மாற்றினாள். இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

மார்ச் கெடுவன்று கடைசிப் பக்கத்துப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தார்கள். அதைச் சரிபார்க்கும் விதம் இதுதான்: ஒருத்தி வருகைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பாள், இன்னொருத்தி பட்டியலில் தேடி "இருக்கு" என்பாள்.

"கீன், லாரல்."

"இருக்கு."

லாரலையும் சேர்த்து முன்னூற்று எண்பத்தோரு தடவை "இருக்கு". எல்லாரும் இருந்தார்கள். பதிவேட்டில் இல்லாத யாராவது பட்டியலில் இருக்கிறார்களா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மே மாதம், வியாழக்கிழமை காலையில் பெட்டிகள் வந்தன. மறுநாள் ஒரு மணிக்குத்தான் விநியோகம். அதுவரை குழுவைத் தவிர யார் கண்ணிலும் புத்தகம் படக்கூடாது; 114-இன் கதவுக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. க்ரெட்டா முதல் பெட்டியைக் கிழித்தாள். மையும் பசையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. எல்லாரும் என்ன செய்தார்கள்? கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள், வேறென்ன!

மேரன் தன் பேரைத் தேடி விரலை ஓட்டினாள். விரல் பாதியில் நின்றது. ஆங்கில அகரவரிசையில் தைசன் என்பவனுக்கும் தீல் என்பவளுக்கும் நடுவில், பொடி எழுத்தில், மற்றவர்களைப் போலவே மரியாதையாக:

திருடி, பிஸ்கட் — 34, 61, 87

பிப்ரவரியில் படத்துக்குக் கீழே உள்ள வரியை மாற்றியிருந்தாள், முகத்தின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றவில்லை. கணினி பட்டியல் போடுவது சீட்டைப் பார்த்துத்தான். கீன், லாரல் என்ற இடத்துக்குத் திருப்பினாள். அங்கே ஒரே ஒரு எண் இருந்தது: 22. வகுப்புப் படம்.

"அடிப்பாவி," என்றாள் க்ரெட்டா, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. பிறகு, கத்தவேண்டியவள், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நானும்தான் சிரிச்சேன். நாளைக்கு ஒரு மணிக்குள்ள, காசு கட்டினவங்களுக்கு முன்னூத்தம்பது புக்கு. ஸ்டிக்கர் அடிப்போம். அந்த வரி மேல அவ பேரையும் மூணு நம்பரையும் போட்டு ஒட்டிடலாம்."

"அவகிட்ட காட்டணும்."

"லூசா நீ? நாளைக்கு முன்னாடி வெளியாளு பாக்கக்கூடாது. இருபது வருஷமா யாரும் காட்டினதில்ல."

"க்ரெட்டா, மூணு இடம்னு நான் சத்தியம் பண்ணினேன்."

க்ரெட்டா விதையை மென்றாள். தோலைக் கோப்பையில் துப்பினாள். "நான் பாத்ரூம் போறேன்," என்றாள் கடைசியில். "எத்தனை புக்கு இருக்குன்னு நான் இன்னும் எண்ணல."

சாப்பாட்டு மணி அடித்ததும் மேரன் ஒரு பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, லாரலை நூலகத்துக்கு இழுத்துப்போனாள். படம் எடுத்த அதே சுவர். முதலில் சொல்லிவிட்டுக் காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் லாரலின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? லாரல் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். விரல் ஓடியது, நின்றது.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

மேரன் இன்னொரு பத்தியைச் சுட்டிக்காட்டினாள். லாரல் படித்தாள். முப்பத்து நான்கைத் திறந்தாள், மூடினாள். மற்ற இரண்டையும் திறக்கவில்லை.

"நீ எழுதினதா?"

"ஆமா. உன்னைத் தெரியறதுக்கு முன்னாடி."

"தெரிஞ்சப்புறம்?"

"மறந்துட்டேன். கீழே மாத்தினேன். சீட்டை மாத்த மறந்துட்டேன். எனக்கு வேற சாக்கு இல்ல."

லாரல் குல்லாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். "தம்பிங்களுக்கு வாசிக்கத் தெரியும், மேரன். ரெண்டாவது படிக்கிறான் பெரியவன். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவன்தான் முதல்ல பாப்பான், அக்கா பேரு எங்கேன்னு." "முதல் தடவையா மே மாசம் வரைக்கும் இருந்தோம்."

மேரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் லாரல் அல்லவா தேற்றவேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஸ்டிக்கர் ஒட்டப்போறோம். அந்த வரி மேல உன் பேரு—"

"வேணாம்!" நூலகர் நிமிர்ந்து பார்த்தார். லாரல் குரலைத் தணித்தாள். "உனக்கு இந்த ஸ்கூலைத் தெரியாதா? ஸ்டிக்கரைப் பாத்தா நகத்தால சுரண்டிட்டுத்தான் மறுவேலை. மேல லாரல் கீன், அடியில பிஸ்கட் திருடி. அதுக்கு ஒட்டாமலே விட்டுடலாம். என் பேரை மட்டும் அங்க ஒட்டாதே."

சுரண்டுவார்கள், சந்தேகமே இல்லை. மேரனே சுரண்டுவாள். வெறும் வெள்ளை ஸ்டிக்கர் என்றால் இன்னும் வேகமாகச் சுரண்டி, மூன்று பக்கத்தையும் புரட்டி, மூன்றிலும் இருக்கிற முகம் எது என்று தேடுவார்கள். அவளைப் போல மூக்கு நுழைக்கிறவர்கள் பள்ளியில் இன்னும் நாற்பது பேராவது இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டால் மேலே தேடமாட்டார்கள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், தன்னையே வைத்துத் தெரியும்.

"அப்ப என் பேரை ஒட்டறேன்," என்றாள் மேரன்.

"என்னது?"

"படம் மூணும் நான் எடுத்தது. அந்தப் பக்கமெல்லாம் நான் இருந்த இடந்தான். யாராவது சுரண்டினா அடியில இருக்கிற திருடி நான்."

லாரல் அவளை உற்றுப் பார்த்தாள். "லூசு," என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் குழு முழுக்க உட்கார்ந்து ஒட்டியது. நகத்தளவு ஸ்டிக்கர், அதில் "டாலஃப்சன், மேரன்". அதே பத்தியில் சற்றுக் கீழே அவள் பேர் முறையான இடத்திலும் இருந்தது. ஒரே பத்தியில் ஒரே பேர் இரண்டு தடவை. கண் தெரிந்தவன் எவனும் விடமாட்டான்.

விடவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் புத்தகங்களைக் கொடுத்தார்கள். ஒன்று பத்துக்கு முதல் கூச்சல் எழுந்தது.

"டேய், சுரண்டிப் பாருங்கடா! மேரன் பிஸ்கட் திருடியாம்!"

"மேரன், நிஜமாவா?"

மேரன் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "ஆமா, நான்தான்! படம் எடுக்க வர்றப்பல்லாம் பிஸ்கட் அடிச்சேன். பசிக்குது, என்ன பண்ண? கேமரா தூக்கிப் பாரு, தெரியும்!"

கூடம் அதிர்ந்தது. மல்யுத்தக்காரன் ஒருவன் சூப்புக் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மேல் வீசினான். "இந்தா திருடி, இதையும் எடுத்துக்கோ!" அடுத்து இன்னொன்று பறந்து வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், கையெழுத்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பொட்டலம் காணிக்கை மாதிரி கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பதிலுக்கு அவள் புத்தகத்தில் அவர்கள் எழுதினதெல்லாம் ஒன்றுதான்: அன்புள்ள திருடிக்கு. பன்னிரண்டாவது முடிக்கும்வரை இந்தப் பேர் போகாது என்று மேரனுக்குத் தெரிந்துவிட்டது. காது சுட்டது. சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் முப்பத்து நாலாம் பக்கத்தைத் திறக்கவில்லை.

கூட்டம் குறைந்தபோது எதிரே ஒரு நாற்காலி இழுபட்டது. லாரல். மிஸஸ் ஹாவ்லண்ட் அவள் பேரில் எடுத்துவைத்திருந்த பிரதியோடு வந்திருந்தாள்.

"பேனா குடு."

மேரன் கொடுத்தாள். லாரல் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன் பேருக்கு எதிரே, 22-க்குப் பக்கத்தில், அச்சு எழுத்து மாதிரியே பொடியாக, பொறுமையாக எழுதினாள்: 34, 61, 87. எண்ணிப் பார்த்தாள். பிறகு மேரனின் புத்தகத்தை இழுத்து அதிலும் அதே இடத்தில் அதையே எழுதினாள்.

"இது ரெண்டுல மட்டும் சரியா இருந்தா போதும்," என்றாள்.

"கோவம் போச்சா?"

"இல்ல. கொஞ்சம் இருக்கு." லாரல் மேசையில் குவிந்து கிடந்த பொட்டலங்களைப் பார்த்தாள். அறுபது எழுபது இருக்கும். உடைந்த பல் தெரிய மெல்லச் சிரித்தாள். "இதையெல்லாம் என்ன பண்ணப்போறே?"

"எனக்கு அந்த பிஸ்கட்டே பிடிக்காது."

லாரல் பையை எடுத்தாள். மடியில் வைக்கவில்லை, மேசை மேலேயே வைத்து, வாயை அகலத் திறந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ஒரு தடவைகூட அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.